தையல் போட்ட நெஞ்சும் ஒரு டோலும்

ஜூன் 29, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குடையோடு நடை. எங்கள் கட்டடத்தைச் சுற்றி, பிறகு தெருமுனைப் பால் கடை வரை, அப்படியே திரும்ப. மூச்சு வாங்கவில்லை. பைபாஸுக்கு நரம்பு எடுத்த இடது கால் மட்டும் கனம்.

மே மாதம் ஆபரேஷன் ஆனதிலிருந்து பால் கடையைத் தொட்டது இன்றுதான். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அரே தாயி, ஆப் தோ ஏக்தம் டீக் ஹோ கயீ!" அக்காவுக்கு முழுசாகக் குணமாகிவிட்டதாம். அரை லிட்டர் பாக்கெட்டை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் ச. பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். வெயிட் தூக்கக் கூடாதாம். அரை லிட்டர் பால்!

(ச. என்றால் சண்முகம், என் வீட்டுக்காரர். முழுப் பெயரையும் எழுதுகிற அளவுக்கு இன்று அவர் மேல் பிரியம் இல்லை.)

ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் குவாலிட்டி டிபார்ட்மென்டில் இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனவர். அங்கே உதிரி பாகங்களைப் பார்த்த அதே கண்ணால் இப்போது என்னைப் பார்க்கிறார். பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். நான் இப்போதைக்கு இரண்டுமில்லை, ஓரமாக எடுத்து வைத்த சரக்கு.

மாலை: மூத்தா ஆற்றங்கரையில் எங்கள் டோல் குழுவின் வாத்திய பூஜை. டோல் என்றால் இடுப்பில் கட்டி அடிக்கும் பெரிய மேளம். இனிமேல் தினமும் அங்கே பயிற்சி, பிள்ளையாரைக் கரைக்கும் நாள் வரைக்கும். அன்று ஊர்வலத்தில் பிள்ளையாருக்கு முன்னால் அடித்துக்கொண்டே நடப்போம், லக்ஷ்மி ரோடு முழுக்க. ஆறு வருஷமாக நானும் நடக்கிறேன்.

"போக வேண்டாம்" என்றார் ச. போனேன். அவரும் வந்தார், சட்டைப் பையில் மாத்திரை டப்பாவோடு.

தகரக் கொட்டகையில் என் டோல். தோலில் மஞ்சள் குங்குமம் வைத்தேன். தேங்காய் உடைத்தார்கள். முதல் தாஷா, அந்தச் சின்ன மேளம், சடசடவென்று பிடித்தது, பின்னாலேயே எல்லா டோலும் ஒன்றாக. தையலுக்கு உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பயந்தேன் என்று சொன்னால் பொய். குதித்தேன்! காலை அசைக்காமல்.

மேதா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் குழுத் தலைவி. பகலில் பல் டாக்டர், மாலையில் பட்டாளத்து ஜெனரல். "சுமதி தாயி, இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்." என் இடத்துக்கு இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் விட்டால் மறுபடி புதுசாகச் சேர்கிறவர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு யார் மறுபடி டோலைக் கொடுப்பார்கள்?

ஆபரேஷன் மேசையில் படுத்து எழுந்தவளிடம் அடுத்த வருஷம் என்று சொல்லக் கூடாது. இந்த மராத்தி ஊரில் பாதி ஆயுளைக் கழித்தாயிற்று. மதராசி டீச்சர், இட்லி ஆன்ட்டி. டோலை இடுப்பில் கட்டிக்கொண்ட அன்றுதான் முதல்முறையாக யாரும் நான் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அதை விட மாட்டேன்.

இந்த வருஷமே. எழுதிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆஷாடி ஏகாதசி. பக்கத்து வீட்டிலிருந்து விரதத்துக்குச் செய்த சாபுதானா கிச்சடி (ஜவ்வரிசிதான்), நெய் மிதக்க, நிலக்கடலையோடு. ச. மோப்பம் பிடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சமையலறையில் நின்று அவரே தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். "வீணாப் போகுமில்ல" என்றார்.

பிசியோதெரபிப் பெண் ருதா வீட்டுக்கு வந்தாள். நல்ல சுறுசுறுப்பு. அவள் சொன்னது:

நடக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.
கையைத் தலைக்கு மேலே வேகமாகத் தூக்கக் கூடாது. நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது.
தள்ளுவது, இழுப்பது, சுமப்பது இல்லவே இல்லை.
இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் தலையணையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.
நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு இல்லையென்றால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் சோம்பேறி நடை.

ச.விடம் திரும்பி, "அங்கிள், நீங்கள் ஆன்ட்டியோடு பேசிக்கொண்டே நடக்க வேண்டும், அதுதான் உங்கள் டியூட்டி" என்றாள். அவர் முகம் போன போக்கு! முப்பது வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்த மனுஷன். வீட்டில் பேச்சு என்றால் "சாப்பாடு ஆச்சா" மட்டும்தான்.

ஜூலை 8, செவ்வாய்

பேச்சு நடை. பாதித் தெரு வரைக்கும் அவருக்கு விஷயமே கிடைக்கவில்லை.

"வந்து... நேத்து தக்காளி வாங்குனமே."

"ஆமாங்."

"நல்ல தக்காளி."

"ஆமாங்."

"ஏம்புள்ள, ஒரே வார்த்தையில சொன்னா மூச்சு இருக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீட்டிச் சொல்லு."

நீட்டிச் சொன்னேன். தக்காளியிலிருந்து அவர் அக்கா கல்யாணத்துக்குப் போய், அங்கே என் அப்பாவுக்குப் பந்தியில் இலை போடாமல் விட்டதற்குப் போய்விட்டது. கால்வாய் ஓரம் வரை நடந்ததே தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை. அவருக்குத்தான் வாங்கியது.

ஜூலை 19, சனி

டேக்டி! எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்கு இங்கே அதுதான் பேர். எங்கள் பேட்டை கோத்ரூட் முழுக்க விடிந்தால் அதன் மேல்தான் இருக்கும். இன்று நான் பாதி வரை ஏறினேன்!! மண் ஈரம், புல் முழங்கால் வரை, கீழே ஊர் முழுக்கப் பஞ்சு மேகம். ஒரு மயில் கத்தியது. நானும் கத்தியிருப்பேன், தலையணை ஞாபகம் வந்தது.

பாதி மேட்டில் சிரிப்பு கிளப். ரிட்டையரான ஆண்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கி "ஹா ஹா ஹா" என்றார்கள். அதில் ஒருவருக்குப் பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. ச. சிரித்தார், நானும் சிரித்தேன். துணிப்பையிலிருந்து தலையணையை உருவி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அங்கேயே பாறையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை. வலித்தது. வலிக்கட்டும். வட்டத்தில் ஒருவர் கவலையோடு ஓடி வந்து, "பெஹன்ஜி, தூக்கம் வருகிறதா?" என்று இந்தியில் கேட்டார். மறுபடி சிரிப்பு.

நிவி பெங்களூரிலிருந்து போன். "அம்மா, ப்ளீஸ், நீ ஓவரா பண்றே. ஸ்லோவா போ." என்னை முதலில் டோல் அடிக்க இழுத்துப் போனதே அவள்தான். வேலை கிடைத்ததும் அவள் விட்டுவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். "டோல் பற்றி அப்பா ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள். அப்பா என்ன சொல்வார்! ஆறு வருஷமும் ஊர்வலத்தன்று ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தவர். ஒரு தடவை வந்து பார்த்ததில்லை.

ஜூலை 30, புதன்

திருட்டுத்தனம். ச. கேம்ப் கடைத்தெருவுக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தார். ஆட்டோ பிடித்து ஆற்றங்கரை.

மேதா முறைத்தாள். கெஞ்சினேன். என் டோலைத் தரையில் நிறுத்தி எதிரே ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தாள். வலது கையில் குச்சி, இடது கையால் தட்டு. மெதுவாக. அப்புறம் மெதுவாக இல்லை.

என்ன சொல்வேன். கை மறக்கவில்லை! தாளம் அப்படியே இருந்தது! இத்தனை நாள் என் உடம்பு என்று எல்லாரும் சொன்னது ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான ஏதோ ஒன்று. இன்று எனக்கே திரும்பி வந்தது.

பருப்பு தாளிக்கும்போதும் விரல் தட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவள் டோல் தோலில் கையால் அறைந்தால் என்ன ஆகும்? உள்ளங்கை முழுக்க நீலம், மணிக்கட்டு வரை. நேற்று முழுக்கத் தலைப்பை இழுத்து மூடி வைத்திருந்தேன். இன்று தோசை ஊற்றும்போது பார்த்துவிட்டார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐசியூ வாசல்ல நான் கண்ணாடி வழியா அந்த மிஷின்ல ஓடற பச்சைக் கோட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தே. ஏறுது, எறங்குது. சித்த நேரம் கண்ண எடுத்தா நின்னு போயிருமோன்னு. நீ படுத்துட்டே. நான் எங்க படுத்தே? இன்னும் படுக்கல புள்ள. ராத்திரியில உன்ற மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்துட்டுத்தான் கெடக்கறே."

 இந்த மனுஷன் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்?

அப்புறம் அவரே, "அப்படி என்ன இருக்குது அந்த டோல்ல?" என்றார். சொன்னேன். எந்த ஊர் என்று யாரும் கேட்காததைப் பற்றி. அடுத்த வருஷம் என்கிற வார்த்தையைப் பற்றி. கேட்டுக்கொண்டிருந்தார். தோசை கல்லில் காய்ந்து போயிருந்தது.

"செரி. டாக்டர்கிட்ட ஒட்டுக்காப் போய்க் கேப்போம். அவர் என்ன சொல்றாரோ அதான். வெசனப்படாத."

ஆகஸ்ட் 8, வெள்ளி

ட்ரெட்மில் டெஸ்ட். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, ஓடும் பட்டையில் நடை. மேடு ஏற்றினார்கள், வேகம் ஏற்றினார்கள். டெக்னீஷியன் பையன் "பஸ்?" என்றான், போதுமா என்று. இன்னும் கொஞ்சம், "அவுர் தோடா" என்றேன்!

டாக்டர் படத்தைப் பார்த்துப் பாராட்டினார். "நடங்க. எவ்வளவு வேணும்னாலும் நடங்க. ஊர்வலத்திலயும் நடக்கலாம்." ச. என்னைப் பார்த்தார். நான் ச.வைப் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்திருக்கும்!

பிறகு கேட்டேன், டோல்? எவ்வளவு கனம் என்றார். ச. எனக்குத் தெரியாமல் கொட்டகைக்குப் போய் லக்கேஜ் தராசில் ஏற்கெனவே தூக்கிப் பார்த்து வைத்திருந்தார், சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். சர்க்கரை இருப்பதால் என் எலும்பு மெதுவாகச் சேர்கிறதாம். இந்த வருஷம் முடியும் வரை அந்தக் கனம் உடம்பில் தொங்கக் கூடாது. "அடிக்கிறதுல ஆபத்து இல்லை. கை நீலமானா நிறுத்திடுங்க. சுமக்கிறதுதான் கூடாது."

சுமக்காமல் எப்படி அடிப்பது? நடந்துகொண்டே?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. நடை இல்லை. பேச்சும் இல்லை.

மேதா போன். ஊர்வலத்தில் குழுவைச் சுற்றிக் கயிறு பிடிப்பார்களே, அந்த வேலை தருகிறாளாம். வேண்டாம் என்றேன். போனை வைத்த பிறகு அழுதேன். தலையணையைக் கட்டிக்கொண்டுதான். அழுவதற்கும் அது வேண்டியிருக்கிறது, ருதா சொல்லவில்லை.

ச. பால்கனியில் ஸ்க்ரூடிரைவரோடு என்னமோ உருட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் "சோலி இருக்குது" என்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

சிரித்துச் சிரித்து நெஞ்சு நோகிறது. தேதி போட்டு எழுதி வைக்க வேண்டிய நாள்.

பால்கனிச் சோலி இன்று வெளியே வந்தது. பழைய சாமான் கடையில் வாங்கிய குழந்தை வண்டிச் சக்கரங்கள், மேலே ஒரு பலகை, அதில் டோல் உருளாமல் நுரைத் துண்டு, இரண்டு பக்கமும் பெல்ட். பிரேக் கூட உண்டு! அரிசி மூட்டையை ஏற்றி ஹாலில் ஓட்டிக் காட்டினார்.

"பிரச்சினை சுமைதான? சுமைய வண்டி சுமக்கட்டும். நீ கூடவே நடந்து அடி. ஜம்முனு போகும்."

அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. பேசாமல் கிளம்பினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரை. ச. வண்டியை இறக்கி, டோலை ஏற்றி, பெல்ட் போட்டு, பெருமையாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ கத்தினார்கள், "பாஜிவாலா ஆலா!" காய்கறிக்காரன் வந்துட்டான்! கூட்டமே வெடித்தது. நானும். தலையணை வீட்டில்.

மேதா மட்டும் சிரிக்கவில்லை. டோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ச.விடம் திரும்பினாள். (இங்கே காகா என்றால் மாமா.) "காகா, இது பூஜை போட்ட வாத்தியம். மனுஷன் உடம்புல ஏறும். சக்கரத்துல ஏறாது. ஏறினாலும் அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் காலில் ஏறும்னு தெரியுமா?"

ச.வுக்குக் காது வரை சிவந்துவிட்டது. முப்பது வருஷம் பிறர் செய்ததை ரிஜெக்ட் செய்தவர். பெல்ட்டைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் மேதாவைப் பார்த்துத் தன் ஓட்டை இந்தியில் கேட்டார்: "மனுஷ உடம்புன்னா... மேரா சலேகா க்யா?"

என்னுடையது பரவாயில்லையா.

யாருக்கும் முதலில் புரியவில்லை. எனக்கும்தான். மேதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தொப்பையில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. டோலை நமக்கு நாமே கட்டிக்கொள்ள முடியாது, பின்னால் ஒருவர் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். மேதாவே போட்டாள்.

என் டோல் அவர் இடுப்பில்! வலது பக்கம் நான் குச்சியோடு. இடது பக்கத் தோலில் அவர் கை. "தட்டுங்க" என்றேன். தட்டினார். தோசைக் கல் சூடாயிற்றா என்று பார்க்கிற மாதிரி.

ஆகஸ்ட் 16, சனி

பயிற்சி மூன்றாம் நாள். நான் வாத்தியார், அவர் கடைசி பெஞ்ச்.

தாளம் பிந்துகிறது. "எவ்வளவு லேட்டா வந்தா பாஸ் பண்ணுவீங்க?" என்று கேட்கிறார். கால் இடது வலது குழம்புகிறது. பக்கத்து வரிசைப் பெண்ணை இடித்துவிட்டு ஸாரி சொல்லப் போய் மொத்த வரிசையையும் குழப்பினார். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் குச்சியும் அவர் கையும் சரியாகப் பிடித்தது. இரண்டு பேரும் பயந்துபோய் நிறுத்திவிட்டோம்.

டேக்டி உச்சி வரை ஏறினேன் காலையில்! உச்சி! கீழே பார்த்தால் ச. பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"பேசுங்க" என்று கத்தினேன். "நீட்டிச் சொல்லுங்க!"

கையை மட்டும் ஆட்டினார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ருதாவிடம் சொல்லி ச.வுக்கு பிரஷர் பார்க்க வைத்தேன். கொஞ்சம் அதிகம். உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும். மாத்திரை டப்பா இப்போது என் கைப்பையில். அவருக்கு நாள் முழுக்க என் கண்காணிப்பு. அப்பளம் கேட்டார், கிடையாது.

இரவில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இது எப்படிப்பட்ட வேலை என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேதாவின் நிபந்தனை: ஊர்வலப் பாதை முழுவதையும் இன்று வாத்தியத்தோடு நடக்க வேண்டும், எங்கேயும் உட்காராமல். உட்கார்ந்தால் ஊர்வலப் பட்டியலில் பேர் கிடையாது. எல்லாருக்கும் அதே.

வெள்ளைக் குர்தா. கடைகள் திறக்காத காலை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்திருக்கிறேன்.

முதல் சௌக், அதாவது நாற்சந்தி, தாண்டியது. இரண்டாவது தாண்டியது. என் மூச்சு சீராக, பேசலாம், பாடவே கூடப் பாடலாம். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நடந்ததில்லை. பாதி தூரம் ஆகியிருக்கும். ச.வின் கை தட்டுவது நின்றிருந்தது. திரும்பினேன்.

முகம் வெளுத்திருந்தது. குர்தா முதுகோடு ஒட்டி. "என்னங்?" என்றேன். "நட, நட" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது.

மேதா முன்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பாதி இருந்தது. அவர் நடப்பார், எனக்குத் தெரியும். விழுகிற வரை நடப்பார்.

"உக்காருங்க" என்றேன்.

"பேர் போயிரும் சுமதி."

"போச்சாது போங்க. உக்காருங்க மொதல்ல!"

பின் முடிச்சை நானே அவிழ்த்தேன், டோலை யாரோ வாங்கிக்கொண்டார்கள். நடைபாதை ஓரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வரிசை எங்களைத் தாண்டிப் போனது. தாளம் சந்து திரும்பித் தேய்ந்து போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன், துடிப்பு நிதானமாகிக்கொண்டு வந்தது. சத்தியமாக அந்த நிமிஷம் டோல் ஞாபகமே இல்லை. அழுகை அப்புறம் ரிக்ஷாவில்தான் வந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் வந்திருக்கிறார், பதற்றத்தில் சாப்பிடவில்லையாம். பரீட்சைப் பயம்!

மாலை மேதா வீட்டுக்கே வந்தாள். காபி குடித்தாள். முழுப் பாதை முடியாது என்றாள். தெரியும் என்றேன்.

"ஒரு சௌக் தூரம் மட்டும். பக்கத்துச் சந்தில நின்னு ஏறுங்க, அடுத்த சந்தில கயிறைத் திறந்து விடறேன், இறங்கிடுங்க."

நம்ப முடியாமல் பார்த்தேன். "உட்கார்ந்தா பேர் கிடையாதுன்னு..."

"நான் பயந்தது நீங்க உட்காருவீங்கன்னு இல்ல தாயி. எது வந்தாலும் நிறுத்த மாட்டீங்களோன்னுதான். நிறுத்தத் தெரிஞ்சவங்களைக் கயிறுக்குள்ள கூட்டிட்டுப் போகலாம். உங்க இடம் உங்களோடதுதான்."

அவள் போனதும் ஹாலில் ஒரு சுற்று ஆடினேன். ச. "மொள்ள, மொள்ள" என்று பின்னாலேயே வந்தார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் வந்தாயிற்று. நான் கொழுக்கட்டை, பக்கத்து வீட்டில் மோதகம், இரண்டும் மாறிப் போயிற்று. ச.வுக்கு ஒன்றே ஒன்று. இரண்டாவதைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கண்டுபிடித்தேன்.

காலை மாலை இரண்டு வேளையும் நடை. அவருக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. ஹாலில் குக்கர் மூடியை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டிப் பழகுகிறார். கீழ் வீட்டிலிருந்து, "அங்கிள், சத்தம்!" என்று புகார் வந்தது. இவர் மேல்! சத்தம் என்று! நிவிக்கு போன் பண்ணிச் சொன்னேன், அவள் "வீடியோ அனுப்பு" என்று கத்துகிறாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

எடுத்து வைத்தது: குர்தா இரண்டு. தலைப்பாகை இரண்டு. மாத்திரை, அவருடையது என்னுடையது தனித்தனியாக. தண்ணீர். பிஸ்கட். வாழைப்பழம். பஞ்சு இல்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

தூக்கம் வராது. பரவாயில்லை. அவருக்கும் வரவில்லை. "தாளம் ஒரு தடவ சொல்லு" என்கிறார். சொல்கிறேன். போர்வை மேல் தட்டுகிறார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கை வலி. எழுத்து கோணல். அவருக்கு இடுப்பு, தைலம் போட்டுக் குப்புறக் கிடக்கிறார்.

நேற்று மதியமே சந்தில் போய் நின்றோம். மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடி மழை. குலால் பொடி கரைந்து எல்லாரும் சிவப்பு. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் ச.வைப் பார்த்து, "காகா, நீங்கள் எந்தப் பதக்?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து நின்று எங்கள் குழுப் பேரைச் சொன்னார். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் கொடி தெரிந்தது. கயிறு திறந்தது. உள்ளே போனோம். யாரோ என் டோலை அவர் இடுப்பில் கட்டி இறுக்கினார்கள். முன்னால் மேதா கையைத் தூக்கினாள். ஒரு நிமிஷம் லக்ஷ்மி ரோடே மூச்சை அடக்கியது.

பிறகு அவள் கை இறங்கியது. எல்லா டோலும் ஒரே அடி.

முதல் சுற்றில் அவர் கை பிந்தியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொண்டது. நடந்தோம். நான் நடந்தேன்! மழை முகத்தில், மேல் மாடியெல்லாம் ஜனம், காலடியில் தரை அதிர. என் நெஞ்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சௌக் பாதி தாண்டியபோது பக்கத்தில் பார்த்தேன். ச.வின் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. மழை இல்லை அது, அந்த நேரம் மழை விட்டிருந்தது.

பயந்துபோய்க் காதோரம் போய்க் கத்தினேன். "என்னங்க? முடியலையா? நிறுத்தட்டுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். கை தட்டிக்கொண்டேதான் இருந்தது. என் காதுக்குள் கத்தினார்:

"நீ அடிக்கற ஒவ்வொண்ணும் என்ற நெஞ்சுக்குள்ளதான் உளுகுது சுமதி. நிறுத்திராத!"

குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஓங்கி அடித்தேன்.